வீட்டுக்கு ஒரு உள்ளூர்க்காரர்

"கெளம்பிட்டான்யா! கெளம்பிட்டான்!"

நான்காம் மாடி பால்கனியில் நின்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் துள்ளிக் குதித்தார். கீழ்வீட்டு டைல்ஸ்காரர் பெட்டி, பிளாஸ்க், பிளாஸ்டிக் வாளி சகிதம் டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினாள்.

"தீர்மானம் போட்டு மூணே நாள், ஆள் காலி!" என்று செயலாளர் தன் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

"ஏங்க, அந்த மனுஷன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

"வெளியூர்க்காரன். அது போதாதா?"

ஆறு மாதமாக அந்த வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்காதவருக்கு அது போதும்தான்.

தீர்மானம் வேறொன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இந்த ஊரில் பிறந்தவராக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எல்லோரும் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். படித்துப் பார்த்த இரண்டாம் மாடி டீச்சர் மட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். டீச்சர்தான் முதலில் எழுந்தார்.

"எங்க வீட்ல அஞ்சு பேரு. ஒருத்தர்கூட இங்க பொறக்கல. நாங்க எப்ப காலி பண்ணணும்?"

"ஐயையோ, உங்களை யாரும்மா சொன்னா? நீங்க நம்ம ஆளு!"

"'நம்ம ஆளு'ன்னு தீர்மானத்துல எந்த வரியில சார் இருக்கு? அவரும் பொழைக்கத்தான் வந்தாரு, நாங்களும் பொழைக்கத்தான் வந்தோம். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

கூட்டம் சலசலத்தது. பேங்க்காரர் மாற்றலாகி வந்தவர். தையல்கார அக்கா கல்யாணமாகி வந்தவர். வக்கீல் எங்கிருந்து வந்தார் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. பிள்ளைகளோ, ஒன்றுவிடாமல் அவரவர் பாட்டி வீட்டில் பிறந்தவை. விசாரித்துப் பார்த்தால் ஒரு வீடும் தேறவில்லை.

"ஏன், நான் இருக்கேனே! இந்த மண்ணுல பொறந்தவன்!" என்று செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க பொறந்தீங்க?" என்று அவர் மனைவி முன்வரிசையிலிருந்து திரும்பினாள். "அத்தை பிரசவத்துக்கு அவங்கம்மா வீட்டுக்குல்ல போயிருந்தாங்க? ரயில்ல ஒரு நாள் முழுக்கப் போகணும். நானும் அதே ஊர்தான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நிற்க, டைல்ஸ்காரர் இறங்கினார். போன மானத்தைப் பிடிக்க இதுதான் சமயம் என்று செயலாளர் பாய்ந்து போனார்.

"திரும்பி வந்துட்டியா? எங்களையெல்லாம் விடு. உங்க வீட்ல யாருய்யா உள்ளூர்க்காரன்? ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்!" என்று கட்டடமே அதிரும்படி கத்தினார்.

டைல்ஸ்காரர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மனைவியின் கைகளைக் கண்ணால் காட்டினார்.

"மெதுவா பேசுங்க சார், உள்ளூர்க்காரர் இப்பத்தான் தூங்கினாரு."