மாப்பிள்ளை கேட்ட வாரண்டி

திண்டுக்கல் பைபாஸ் ஷோரூமின் கண்ணாடி வழியே வந்த வெயில் வெள்ளைக் காரின் மேல் வழுக்குகிறது. மாதா கோயில் பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாயிற்று. மாப்பிள்ளை ஜெரின், தனக்குச் சீராக வரப்போகும் வண்டியின் கதவைத் திறந்து திறந்து சாத்தி, சத்தத்துக்குக் காது கொடுக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று, இப்போது அப்பாவோடு ஓரமாக நிற்கும் மரியசெல்வியிடம் ஒரு வார்த்தை பேசாதவன், பிரேக், கிளட்ச், ஏசி என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறான். "மூணு வருசம் கம்பெனி பாத்துக்கும். அதுக்கு மேல வேணும்னா வாரண்டிய இப்பவே சேத்துக்கலாம் சார்," என்கிறார் விற்பனைக்காரர். "சேத்தே போட்ருங்க மாமா. பின்னால கோளாறுன்னா யாரு அலையிறது?" என்று ஜெரின் முந்திக்கொள்கிறான். மரியசெல்வியின் அப்பா கிளெமென்ட் உடனே தலையாட்டவில்லை. போன வருடம் அவள் அக்கா ஐரின், புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். அவளுக்குக் கொடுத்த கார் இன்னும் வேடசந்தூரில், மாமியார் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அப்பா விற்பனைக்காரரிடம் திரும்புகிறார். "ஏன் தம்பி, வண்டி கை மாறுனா இந்த வாரண்டி போயிருமா?" "போகாது சார். யாரு கையில இருந்தாலும் வண்டியோடவே இருக்கும்." "அப்பப் போடுங்க." மரியசெல்வி அப்பாவையே பார்க்கிறாள். இவளும் ஒருநாள் ஒரு பையோடு வந்து நிற்பாள், அப்போது வண்டியையாவது மீட்டு வர வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். நினைத்துவிட்டும், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுகிறார்.