செவலையின் நெஞ்சளவு

வீட்டு நாய் செவலை கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு பைபாஸுக்கு ஓடுவதால், நெஞ்சோடு மாட்டும் பட்டை வாங்க, சென்னையிலிருந்த மகள் அருணா போனில் அளவு கேட்டாள். திருமயம் வீட்டில் தனியாக இருந்த பிரகதாம்பாள் தையல் டேப்பால் நாயை அளந்தாள். முப்பத்தொரு இன்ச்.

"போன வருசம் அப்பா அளந்தப்ப இருபத்திநாலுதானே? சரியாப் பாத்துட்டுக் கூப்பிடும்மா."

மறுபடியும் முப்பத்தொன்றுதான். இடப்பக்கம் டேப் உடம்பில் படாமல் விலகி நின்றது. செவலை அந்தப் பக்கமாகச் சாய்ந்து வாலாட்டியது. கணவர் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படித்தான் சாயும். அவர் இறந்து ஐந்து மாதமாகிறது.

"கையக் கொஞ்சம் எடுங்க," என்றாள்.

டேப் தளர்ந்து விழுந்தது. இழுத்துப் பிடித்தாள். இருபத்திநாலு.

செவலை வாலாட்டுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தது.

"எங்கிட்டுப் போறீங்க? அளந்தாச்சு, வந்து உக்காருங்க," என்றாள் பிரகதாம்பாள்.