கொய்யாவுக்குக் காவல்

லெந்து எனும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதும், ஆலய மணி அடிக்கும் கோயில்பிள்ளை காப்பியை விட்டுவிட்டார். அதைப் பார்த்த வளாகத்து அணில், "நாற்பது நாளும் நான் கொய்யாப்பழத்தைத் தொடமாட்டேன்" என்று பொருத்தனை பண்ணியது.

மறுநாளே ஒரு பழுத்த கொய்யாவுக்கு எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இங்க என்ன வேலை அண்ணாச்சி?" என்று கேட்டது கட்டெறும்பு.

"விழிப்பா இருக்கேன். சோதனை எந்தப் பக்கமா வரும்னு சொல்ல முடியாதே!"

மூன்றாம் நாள் அணில் காம்பருகே வந்துவிட்டது. "தூரத்துல இருந்தா சரியாத் தெரியல."

"அந்த வேப்பமரம் சும்மாத்தானே நிக்குது, அங்க போய் இருக்கலாமே?" என்றது எறும்பு.

"போர்க்களத்தை விட்டு ஓடச் சொல்றியா?" என்று சீறிய அணில், பழத்தைக் கட்டிப்பிடித்து மோந்து பார்த்தது. "எதிரியோட பலம் தெரியணும்ல."

ஐந்தாம் நாள் எறும்பு வந்தபோது காம்பு மட்டும் தொங்கியது. அணிலின் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன.

"பழம் எங்க அண்ணாச்சி?"

"பிடிச்சுட்டேன்!" என்றது அணில், மென்றுகொண்டே. "கொஞ்சம் கண்ணசந்திருந்தா தப்பிச்சிருக்கும்."