புளி போட்டுத் தேய்த்த பானை

மதியம் இரண்டு மணி. இரும்புலியூரில் எங்கள் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள் ஒரு வெளிநாட்டுச் சுங்க அலுவலகம் தெரிகிறது. அங்கே வேலைக்குப் போயிருக்கும் எங்கள் மகள் ஜென்சி கவுண்டரில் நிற்கிறாள். அவள் முன்னால், நாங்கள் கூரியரில் அனுப்பிய பித்தளை இட்லிப் பானை தகதகவென்று மின்னுகிறது. வினையே அதுதான். படிவத்தில் ‘பழைய பாத்திரம்’ என்று எழுதியவன் நான். அனுப்பும் முன், வேண்டாம் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும், அதைப் புளி போட்டுத் தேய்த்து முப்பது வருடக் கறையையும் கழுவியவள் என் மனைவி ஞானஜோதி. புதுப் பாத்திரம், வரி கட்டு என்கிறார் அதிகாரி.

“பழசுன்னு எப்டிம்மா ப்ரூவ் பண்றது?” ஜென்சி போனைப் பார்த்துக் கேட்கிறாள். செங்கல்பட்டு ரயில் எங்கள் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துப் போகிறது. ஞானஜோதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனருகே குனிகிறாள். “விளிம்புக்குக் கீழ பாருடி. கல்யாணத்துக்கு எங்கப்பா பேர் வெட்டிக் குடுத்தாரு. தேதியும் இருக்கும், காட்டு.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்துகளின் மேல் அவர் விரல் தடவிப் போகிறது. எண்களுக்கு வந்ததும் நிற்கிறது. 14.5.1993. அவர் சிரித்துவிடுகிறார். வரித்தொகையின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுக்கிறார். ஜென்சி பானையை வெற்றிக் கோப்பைபோலத் தலைக்கு மேல் தூக்குகிறாள்.

ஞானஜோதி என் பக்கம் திரும்புகிறாள். “தேய்ச்சதாலதான் எழுத்து தெரிஞ்சுது, பாத்தீங்களா?”