பக்கத்துக் காம்பரா ரேடியோ

"இந்த ஆளு பக்கத்துல நான் குடியிருக்க மாட்டேன். அதவிட உங்கம்மாகிட்டயே கெடந்து சாவுறேன்."

இராக்கம்மா சொன்னது புருசன் அழகர்சாமிக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் காத்தமுத்துவின் ரேடியோ அப்படி அலறிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள சொன்ன?"

"ஒண்ணுமில்ல" என்று கத்தினாள்.

கல்யாணமாகி எட்டு மாதம். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், இவர்கள் இரண்டு பேர், ஆக ஆறு பேருக்குக் காம்பரா என்கிற ஒரே அறை. நடுவில் ஒரு பழைய சேலைதான் மறைப்பு. இந்த லட்சணத்தில் பிள்ளைகுட்டியைப் பற்றிப் பேசத்தான் முடியுமா? நல்ல வேளையாக, பசறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய், இரண்டு காம்பராக்கள் காலியாயின.

"ரெண்டையும் பாத்துக்க. திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு வேல பிரிக்க வருவேன், அப்ப ஒண்ணச் சொல்லு. சொல்லலைன்னா வேற ஆளு இருக்கு" என்று கணக்கப்பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்தது கீழ் லயத்துத் தொங்கல் காம்பரா. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீடு என்பதால் ஒரு பக்கம் வெறும் நிலம். கோழிக்கூடு போடலாம், போஞ்சி நடலாம், பிள்ளைகள் கூடினால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் பொருத்தம், மறுபக்கத்துக் காத்தமுத்துதான் பொருத்தமில்லை. பெண்சாதி செத்துப்போன தனி ஆள். லயத்தில் காம்பராச் சுவர் எதுவும் கூரையைத் தொடாது. இவர்கள் உள்ளே நுழைந்து பேச்செடுத்ததுமே அந்த இடைவெளி வழியாகப் பாட்டு தலையில் வந்து கொட்டியது.

இராக்கம்மா சுவரைத் தட்டினாள். "அண்ணே, கொஞ்சம் கொறைங்க. வீடு பாக்க வந்திருக்கோம்."

"யாரு, புதுசா கட்டுனவங்களா?"

"ஆமாங்க."

ரேடியோ இன்னும் ஒரு பங்கு உயர்ந்தது.

"பாத்தீங்களா திமிர? இந்தக் கூத்துல ஒரு கொழந்தைய எப்படித் தூங்க வைக்கிறது?" என்று புருசன் காதுக்குள் கத்திவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது, மேல் லயத்தில் ஒரு நடுக்காம்பரா. ஒரு பக்கத்துக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பதுளைக்குப் போயிருந்தார்கள். மறுபக்கம் யோகம்மா. நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து பேசாத பொம்பளை என்று தோட்டம் முழுக்க நல்ல பேர்.

உள்ளே போனால் அப்படி ஒரு நிசப்தம். யோகம்மா பக்கமிருந்து பாத்திரம் உருளவில்லை, ஒரு இருமல்கூட இல்லை. லயத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குச் சத்தமில்லை என்றால் ஆளில்லை என்றுதான் அர்த்தம். எட்டு மாதத்தில் முதல் தடவையாக இராக்கம்மா புருசனிடம் வாய்விட்டுப் பேசினாள்.

"மூணு புள்ள போதுங்க. மூத்தது பொண்ணு."

"ஏன் மூணோட நிறுத்துற?"

"பெத்துக்கப் போறது நீங்களா?"

அழகர்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பேரு நான்தான் வைப்பேன். உங்கம்மா பேரு மட்டும் கெடையாது. பேரோட அந்தக் கொறட்டையும் சேந்து வந்துரும்."

இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காம்பராதான் என்று அங்கேயே முடிவானது. இராக்கம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"என்ன இராக்கம்மா, மூணோட நிறுத்திட்டியாமே?" என்றாள் ஒருத்தி.

திரும்பி வந்தால், வாசலை அடைத்துக்கொண்டு மாமியார். "ஏண்டி, எம் பேரு ஒனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா? நான் கொறட்ட விடுறத நீ பாத்தியா?"

"யாரு அத்த சொன்னது?"

"யோகம்மாதான். பாவம், சொல்ல மனசே இல்லாம ஒண்ணு விடாம சொன்னா."

இராக்கம்மாவுக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. மேல் லயத்துக்குப் போனால் இனி மூச்சுவிடக்கூட யோசிக்க வேண்டும். மாமியாரோடு இனி ஒரு நாள் இருக்க முடியாது. விடிந்தால் கணக்கப்பிள்ளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மிச்சமிருப்பது கீழ் லயம்தான். ரேடியோக்காரனை இன்றைக்கே ஒரு கை பார்த்து அடக்கிவிடுவது என்று விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

ரேடியோ சத்தமே இல்லை. காத்தமுத்து அடுப்போரம் குந்திக்கொண்டு, தீர்ந்துபோன பேட்டரிகளுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாங்க இங்க குடி வந்தா பகலு ராத்திரின்னு இல்லாம இப்படித்தான் பாட்டு வைப்பீங்களா?"

"பகல்ல எதுக்கு தங்கச்சி? நீங்க வேல விட்டு வந்து கதவச் சாத்துனதும் வைப்பேன். கொழந்த பொறந்துட்டா அது தூங்குற நேரத்துக்கு நிறுத்திடுறேன்."

சண்டைக்கு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டுன்னா ஒங்களுக்கு அவ்வளவு உசுரா அண்ணே?"

"பாட்டா? அந்த எழவக் கேட்டாலே எனக்குத் தலவலி. முந்தி இங்க இருந்த புருசன் பொஞ்சாதி, பக்கத்துல நான் இருக்கேன்னு கூச்சப்பட்டு, நாலு வருசம் வாயே தெறக்கல. அவங்களுக்காகத்தான் பசறைக்குப் போயி இத வாங்கிட்டு வந்தேன். போன மாசம் பதுளையில நான்தான் அவங்கள ரயிலேத்தி விட்டேன் தங்கச்சி, அஞ்சு புள்ளைங்களோட."