கூப்பிட்டால் வரும் முகம்

மரக்காணத்து வீட்டில் உட்கார்ந்தபடியே ரேணுகா முந்தின நாள் சாயங்காலம் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் மூன்று சர்வர்களிலும் என்கிரிப்ஷனைப் போட்டு முடித்திருந்தாள். இனி உள்ளே இருக்கும் தகவல்கள் சும்மா கிடக்கும்போது யார் திறந்து பார்த்தாலும் ஒன்றும் புரியாது. முறைப்படி கேட்டால் பழையபடி சரியாக வரும். பயன்படுத்துகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மத்தியானம் உப்பளத்திலிருந்து வந்த கணவன் பாலகுரு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தான். தண்ணீர் எடுக்கப் போனவள் அவனைப் பார்த்தாள். சட்டை அவனுடையது. காலில் காய்ந்திருந்த உப்பும் அவனுடையதுதான். முகம் மட்டும் யாருடையதாகவும் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரியவில்லை.

“ஏங்க,” என்றாள்.

கண்ணைத் திறந்தபோது அவன் பாலகுருவாக இருந்தான்.

“இன்னா ரேணு?”

“ஒண்ணுமில்ல. தூங்கறப்ப உங்க மூஞ்சி அடையாளமே தெரியல.”

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“உனக்கும் அப்படித்தான் இருக்குது. காலைல அளத்துக்குப் போறப்ப நீ தூங்கிக்கினு இருந்த, பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டப்புறம்தான் நீயா ஆன.”

ரேணுகா டீ போட்டாள். இருவரும் குடித்தார்கள்.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை.