ஐம்பத்து நான்கு

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை. ஜெபராஜுக்கோ முதுகுவலி. அதனால் சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்ததும், சுகிர்தாதான் இறங்கிப்போய் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி, பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, சமையலறையில் சார்ஜ் போடுவாள். கழற்றுவதற்கு முன் திரையில் மீதி எவ்வளவு என்று பார்த்துவிடுவாள். காலையில் நூறு, ஆபீஸ் போய்த் திரும்பினால் அறுபது. கொஞ்ச நாளாகச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஐம்பத்து நான்கு. கிலோமீட்டர் கூடவில்லை, அதே இருபத்திரண்டுதான்.

“பேட்டரிக்கு வயசாகுதுல்ல” என்றான் ஜெபராஜ்.

செவ்வாய் வெள்ளி பார்த்து வயசாகுமா என்று அவள் கேட்கவில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்று வண்டி வாங்கிய அன்றே கடைக்காரர் சொல்லியிருந்தார்.

“உங்க ஆபீஸ் வரைக்கும் ஒருதரம் கூட்டிட்டுப் போங்களேன், சும்மா” என்றாள் ஞாயிற்றுக்கிழமை. நூறில் கிளம்பினார்கள். அதே பாலம், அதே சிக்னல், அதே இருபத்திரண்டு. வழிநெடுக அவன் தோளைப் பிடித்தபடி வந்தவள், திரும்பி வீட்டு வாசலில் இறங்கியதும் எட்டித் திரையைப் பார்த்தாள்.

நாற்பத்தொன்பது.

அப்படியென்றால் அந்தச் செவ்வாய் வெள்ளிக்காரி தன்னைவிட ஒல்லி.

“பேட்டரிய எடுக்கலையா?” என்று பின்னாலிருந்து கேட்டான் ஜெபராஜ். சுகிர்தா அதற்குள் வெறுங்கையோடு முதல் மாடி ஏறியிருந்தாள்.